தீவு முதலில், எதிர்க்கரை பிறகு: டிண்டிங்ஸ் பிரிட்டிஷ் மண்ணான கதை



இந்தக் கட்டுரையை ஓர் ஒப்புதலோடு தொடங்குகிறேன். பல வருஷமாக வகுப்பில் நான் ஒரு விஷயத்தைத் தவறாகவே சொல்லிக்கொடுத்து வந்தேன். "1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தில் பேராக் சுல்தான் பங்கோர் தீவைப் பிரிட்டிஷாருக்குக் கொடுத்தார்" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், தீவு அவங்களோடது இல்லேன்னா அங்க போய் ஏன் கையெழுத்து போட்டாங்க? சுல்தான் அரண்மனைக்கே போயிருக்கலாமே?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அந்தப் பிள்ளை கேட்டது சரிதான். 1874இல் அந்தத் தீவு ஏற்கெனவே பிரிட்டிஷார் கையில் இருந்தது. அதை அவர்கள் வாங்கியது 48 ஆண்டுகளுக்கு முன்பு, 1826இல். 1874இல் அவர்கள் வாங்கியது தீவுக்கு எதிரே இருந்த கரையை. அதோடு சேர்த்து, பேராக் முழுவதன் நிர்வாகத்தையும்.

இந்த ஒரு திருத்தம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் படிவம் 3 வரலாற்றில் வரும் பினாங்கு, சிங்கப்பூர், பேராக் மூன்றும் ஒரே நூலில் கோத்த மணிகள் போல விளங்கும். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டிண்டிங்ஸ் எங்கே இருக்கிறது?

பீடோரிலிருந்து மேற்கே கிளம்பி, தெலுக் இந்தான், சித்தியவான் வழியாகப் போனால் லூமுட் வரும். அங்கிருந்து படகில் ஏறினால் பங்கோர். நம்ம பிள்ளைகளுக்கு பங்கோர் என்றால் கடற்கரை, நெத்திலிக் கருவாடு, பள்ளி விடுமுறைச் சுற்றுலா. பெரியவர்களுக்குப் பத்திரகாளியம்மன் கோவிலும் மாசி மகமும் நினைவுக்கு வரும். லூமுட் என்றால் கடற்படைத் தளம்.

பங்கோர் தீவு, அதற்குத் தெற்கே உள்ள செம்பிலான் தீவுகள், எதிரே லூமுட் பக்கத்துக் கரையோர நிலம், இவை மூன்றும் சேர்ந்த பகுதியைத்தான் பிரிட்டிஷார் 'டிண்டிங்ஸ்' என்று அழைத்தார்கள். இன்று அது பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் 1935 வரை சட்டப்படி அது பேராக் அல்ல. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் போல அதுவும் நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு பகுதி. மலாய்ப் பாடநூலில் 'நெகெரி-நெகெரி செலாட்' என்று படிக்கிறோமே, அதேதான். நிர்வாகம் பினாங்கின் கீழ் நடந்தது.

அதாவது, பேராக்கின் வாசலிலேயே பேராக்குக்குச் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம் இருந்திருக்கிறது.

டச்சுக்காரர்களும் ஈயமும்

பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே இந்தத் தீவின் மீது வேறு ஒருவர் கண் வைத்திருந்தார். 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்களுக்குப் பேராக்கின் ஈயம் வேண்டியிருந்தது. பேராக் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் கப்பல்களைக் கண்காணிக்க வசதியான இடம் பங்கோர். தீவின் தெலுக் கெடோங் பகுதியில் 1670இல் கோட்டை கட்டினார்கள். 1690இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். 1743இல் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடியும் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டையின் சுவர்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். 1973இல் தேசிய அருங்காட்சியகம் அதைச் சீரமைத்தது.

இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு ஒன்றுதான்: ஈயம் பேராக்கின் உள்பகுதியில் இருந்தது. ஆனால் அதை வெளியே கொண்டுபோகும் வழி கடல். கடல்வழியைப் பிடித்தவன் ஈயத்தைப் பிடித்தான். டச்சுக்காரர் போட்ட இந்தக் கணக்கைத்தான் பின்னால் பிரிட்டிஷாரும் போட்டார்கள்.

முதலில் பினாங்கைப் பார்த்துவிடுவோம்

டிண்டிங்ஸ் கதை புரிய வேண்டுமானால் 40 ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார். ஆகஸ்டு 11ஆம் தேதி கொடியேற்றி, தீவுக்கு 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு' என்று பெயர் வைத்தார். கெடா சுல்தான் அப்துல்லா அந்தத் தீவை ஏன் விட்டுக்கொடுத்தார்? சயாமைப் பார்த்து அவருக்குப் பயம். எதிரி வந்தால் கும்பெனி படை அனுப்பி உதவ வேண்டும் என்பது அவர் கேட்டது. லைட்டோ உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையை வளர்த்துவிட்டுத் தீவில் குடியேறிவிட்டார். கும்பெனி அந்த வாக்கை ஏற்கவே இல்லை.

ஏமாந்ததை உணர்ந்த சுல்தான் 1791இல் தீவைத் திரும்ப எடுக்கப் படை திரட்டினார். தோற்றார். பிறகு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் அவருக்குக் கொடுப்பதாக முடிவானது. படை உதவி பற்றி அதில் பேச்சில்லை. 1800இல் தீவுக்கு எதிரே இருந்த செபெராங் பிறை நிலமும் போனது. அதற்குப் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று பெயர். தொகை ஆண்டுக்கு 10,000 டாலர் ஆனது.

1821இல் சயாம் உண்மையிலேயே கெடா மீது படையெடுத்தது. அப்போது கெடாவைக் காப்பாற்றக் கும்பெனி படை வரவில்லை. அந்தக் காலத்துச் சுல்தான் பினாங்குக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. முன்பு தன் குடும்பம் கொடுத்த தீவிலேயே அகதியாக நின்றார்.

சிங்கப்பூரிலும் இதே நடைதான். 1819இல் ராபிள்ஸ் கேட்டது வணிகத் தலம் அமைக்க இடம். 1824இல் கைக்கு வந்தது தீவு முழுவதும், நிரந்தரமாக.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். பினாங்கில் தீவு முதலில், எதிர்க்கரை பிறகு. சிங்கப்பூரில் கடை வைக்க இடம் முதலில், முழு உரிமை பிறகு. இப்போது பேராக்குக்கு வருவோம்.

1826: தீவு கைமாறுகிறது

1826 ஒரு முக்கியமான வருஷம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் ஒன்றாக்கி நீரிணைக் குடியேற்றங்கள் உருவான வருஷம் அது. மலாக்கா 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தப்படி பிரிட்டிஷாருக்கு வந்திருந்தது. அதே 1826 ஜூனில் ஹென்றி பர்னி பாங்காக்கில் சயாமோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதில் கெடா சயாமின் பிடியில் விடப்பட்டது. பேராக்கைப் பொறுத்தவரை, சயாமும் தாக்கக்கூடாது, பிரிட்டிஷாரும் தாக்கக்கூடாது, சுல்தான் விரும்பினால் புங்கா மாஸ் அனுப்பலாம் என்று இருந்தது.

'விரும்பினால்' என்ற அந்தச் சொல்தான் பினாங்கு ஆளுநர் புல்லர்ட்டனுக்கு உறுத்தியது. சயாம் மிரட்டினால் சுல்தான் விரும்பித்தானே ஆக வேண்டும்? ஆகவே கேப்டன் ஜேம்ஸ் லோவைப் பேராக்குக்கு அனுப்பினார். 1826 அக்டோபர் 18ஆம் தேதி சுல்தானோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி சுல்தான் சயாமுக்குப் புங்கா மாஸ் அனுப்பமாட்டார். யாராவது பேராக்கைத் தாக்கினால் பிரிட்டிஷார் துணை நிற்பார்கள். அதே சமயத்தில் பங்கோரும் செம்பிலான் தீவுகளும் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. சொல்லப்பட்ட காரணம், கடற்கொள்ளையரை அடக்குவது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கொள்ளையர் தொல்லை கற்பனை அல்ல. அந்தத் தீவுகளின் மறைவிடங்கள் அவர்களுக்கு ரொம்ப வசதி. சுல்தானிடம் அவர்களை விரட்டும் கடற்படை இல்லை. சயாம் பயமும் உண்மை. கெடாவின் கதி கண்ணெதிரே இருந்தது. ஆகவே "சுல்தான் முட்டாள்தனமாகத் தீவைக் கொடுத்துவிட்டார்" என்று எழுதாதீர்கள். நெருக்கடியில் இருந்தவர் பாதுகாப்பை வாங்க நிலத்தைக் கொடுத்தார். அதுதான் சரியான விளக்கம்.

இன்னொரு வேடிக்கை. லோவின் ஒப்பந்தத்துக்குக் கல்கத்தாவில் இருந்த மேலிடம் முறைப்படி ஒப்புதல் தரவில்லை. இருந்தாலும் பின்னாளில் அது செல்லும் என்றே பிரிட்டிஷார் நடந்துகொண்டார்கள். தீவை வாங்கிய பிறகும் அங்கே வெகுகாலம் பெரிய நிர்வாகம் எதையும் அவர்கள் அமைக்கவில்லை. பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்ததுபோல வைத்திருந்தார்கள். வேண்டிய நாளில் எடுத்தார்கள்.

வேண்டிய நாள் எப்படி வந்தது?

1848 வாக்கில் லோங் ஜாபார் லாருட்டில் ஈயம் கண்டெடுத்தார். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மேற்கத்திய நாடுகளில் தகரத் தொழில் வளர வளர ஈயத்துக்குக் கிராக்கி ஏறியது. தகர டப்பாவில் உணவு அடைக்கத் தொடங்கிய காலம் அது. பினாங்கு வணிகர்கள் லாருட்டில் பணம் போட்டார்கள்.

ஆனால் சுரங்கத்துக்கும் நீருக்குமான சண்டை கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சங்கங்களின் போராக மூண்டது. 1861 தொடங்கி 1873 வரை விட்டுவிட்டு நடந்தது. 1862இல் கீ ஹின் தரப்பின் இழப்புக்கு ஈடாக 17,447 டாலர் கொடுக்க வேண்டும் என்று நீரிணைக் குடியேற்ற அரசு லாருட் ஆற்றையே மறித்தது. லோங் ஜாபாரின் மகன் ஙா இப்ராஹிம் கட்டித்தான் தீர்த்தார். அவரே பின்னர், 1873இல், கேப்டன் ஸ்பீடியை வேலைக்கு வைத்து இந்தியாவிலிருந்து சிப்பாய்களை வரவழைத்தார்.

இன்னொரு பக்கம் அரியணைச் சண்டை. 1871இல் சுல்தான் அலி இறந்தார். ராஜா மூடாவாக இருந்த அப்துல்லா இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஆகவே பெரியோர்கள் இஸ்மாயிலைச் சுல்தான் ஆக்கினார்கள். அப்துல்லாவுக்கு மனக்குறை. சிங்கப்பூர் வணிகர்களின் ஆலோசனையோடு 1873 டிசம்பர் 30 தேதியிட்டு ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். தன்னைச் சுல்தானாக ஏற்க வேண்டும், பேராக்குக்கு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை அனுப்ப வேண்டும் என்பது சாரம்.

புது ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் லண்டனிலிருந்து வாங்கி வந்த உத்தரவு, நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அனுப்பு என்பதுதான். அவர் முதலில் ஒப்பந்தத்தை முடித்தார், அறிக்கையைப் பிறகு அனுப்பினார். கடிதத் தேதிக்கும் ஒப்பந்தத் தேதிக்கும் இடையே 21 நாள்தான்.

1874 ஜனவரி 20: கப்பலில் நடந்தது

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கூட்டம் ஏன் பங்கோரில்? ஏனென்றால் அது பிரிட்டிஷ் இடம். அவர்கள் கப்பல் நிற்க வசதியான துறை. வருகிறவர்கள் அவர்கள் இடத்துக்கு வந்து பேசுகிறார்கள். 'புளூட்டோ' என்ற அவர்களுடைய கப்பலில்தான் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை யார் வீட்டு முற்றத்தில் நடக்கிறது என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும் அல்லவா?

முக்கியமான விதிகள் இவை:

1. அப்துல்லா பேராக் சுல்தானாக ஏற்கப்படுகிறார்.
2. இஸ்மாயிலுக்குச் 'சுல்தான் மூடா' பட்டமும் மாதம் 1,000 டாலர் ஓய்வூதியமும். (அவர் அன்று அங்கே இல்லவே இல்லை.)
3. ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் நியமிக்கப்படுவார். மலாய்ச் சமயம், வழக்கம் தவிர மற்ற எல்லா விஷயங்களிலும் அவர் ஆலோசனையைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும்.
4. வரி வசூலும் நிர்வாகமும் ரெசிடென்ட்டின் ஆலோசனைப்படி.
5. லாருட் ஙா இப்ராஹிம் பொறுப்பில். அங்கே ஒரு துணை ரெசிடென்ட் இருப்பார்.

இதுவரை எல்லாப் பயிற்சி நூலிலும் இருக்கிறது. அதே ஒப்பந்தத்தின் பின்பகுதியில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. 1826 ஒப்பந்தம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது, அதை எழுதியவர்களின் நோக்கம் நிறைவேற எல்லையைத் திருத்துகிறோம் என்று அது சொல்கிறது. திருத்திய எல்லை புக்கிட் செகாரி மலையிலிருந்து கோடு போட்டு, தீவுக்கு எதிரே உள்ள கரையையும் சேர்த்துக்கொள்கிறது. வடக்கே கிரியான் பக்கத்து எல்லையும் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக்குச் சாதகமாக மாறியது.

"தவறான புரிதலைத் திருத்துகிறோம்" என்ற ஒரு வரியில் ஒரு கடற்கரை கைமாறியது. போர் இல்லை, விலை பேசவில்லை. பினாங்கு பாடம் திரும்பவும் நடந்துவிட்டது: தீவு 1826இல், எதிர்க்கரை 1874இல்.

அதே நாளில் கீ ஹின், ஹாய் சான் தலைவர்களும் தனியாக ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். சண்டை மூண்டால் 50,000 டாலர் அபராதம். லாருட் சுரங்க ஊருக்குத் தைப்பிங், அதாவது 'நிலைத்த அமைதி' என்ற பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆனது?

முதல் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். இலங்கையில் நீண்ட காலம் அதிகாரியாக இருந்துவிட்டு வந்தவர். 'ஆலோசனை' என்ற சொல்லை அவர் கட்டளை என்றே எடுத்துக்கொண்டார். பெருமக்களின் வரி உரிமையில் கைவைத்தார். கடன் அடிமை முறையை எதிர்த்தார். கடன் அடிமை முறை கொடுமை என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் நடந்துகொண்ட விதம் பெருமக்கள் எல்லாரையும் பகைத்துக்கொண்டது. 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசீர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார்.

அதன்பின் பிரிட்டிஷ் படை இறங்கியது. மாத்தாங்கில் விசாரணை நடந்தது. மகாராஜா லேலா, டத்தோ சாகோர் ஆகியோர் 1877 ஜனவரி 20ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். தேதியைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 3 ஆண்டு. அரியணையைக் கேட்டுக் கடிதம் எழுதிய சுல்தான் அப்துல்லாவும், சிப்பாய்களை வரவழைத்த ஙா இப்ராஹிமும் சேஷல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். கையெழுத்திட வராத இஸ்மாயில் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். ஒப்பந்தம் மட்டும் நிலைத்தது.

டிண்டிங்ஸ் செழித்ததா? அதுவும் இல்லை. 1878இல் பங்கோரில் இருந்த பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் கேப்டன் லாய்டு இரவில் வீடு புகுந்து கொல்லப்பட்டார். அன்று அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்து உயிர் தப்பிய எமிலி இன்னஸ் என்ற பெண்மணி, 1885இல் தம் மலாயா அனுபவங்களை நூலாக எழுதினார். 1879இல் வந்துபோன பயணி இசபெல்லா பேர்டும் இந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பேராக் முழுவதும் பிரிட்டிஷ் சொல்படி நடக்கத் தொடங்கிய பிறகு, அந்தத் துண்டு நிலம் தனியாக இருந்து பெரிய பயன் இல்லை. 1935இல் அதைப் பேராக்குக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

"சார், இது சுல்தான்கள் கதை. நம்ம ஆளுங்க எங்க வராங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நேராக வருகிறார்கள்.

குடியேற்றம் வேறு, பாதுகாக்கப்பட்ட மலாய் மாநிலம் வேறு. 1867 ஏப்ரல் 1 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் மகாராணியின் நேரடிக் காலனி. அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் குடிமகன். பேராக்கோ ஏட்டளவில் சுல்தானின் நாடு. இந்த வேறுபாடு நம் முன்னோர்களின் பயணத்தையே தீர்மானித்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவர 1872இல் சட்ட அனுமதி கிடைத்தது. புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் வந்தார்கள். பேராக் போன்ற பாதுகாக்கப்பட்ட மாநிலங்களுக்கு அந்த அனுமதி 1884இல்தான் வந்தது. அடுத்த வருஷம், 1885 ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து வேலைப்படையினர் வரவழைக்கப்பட்டார்கள். 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, நம் பத்தாங் பாடாங் வட்டாரத்தின் ரயிலும் வந்தது. பிறகு ரப்பர், தோட்டம், கங்காணி, லயம். மீதிக் கதை நம் வீடுகளில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கப்பலில் கையெழுத்தான பத்திரத்தை எழுதியது யார்? ஆங்கிலத்தில் எழுதியது பிரிட்டிஷார். அதை மலாயில் பெயர்த்ததும் அவர்கள் தரப்பில் இருந்த ஸ்வெட்டன்ஹாமும் ஒரு முன்ஷியும். கையெழுத்துப் போட்டவர்கள் வார்த்தையைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் முன்னோர்களும் அப்படித்தான். ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். எத்தனை வருஷம், என்ன கூலி, பயணச் செலவுக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் வேறொருவர் எழுதிய வரி. இந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல்தான் நிறுத்தப்பட்டது.

சுல்தானும் கூலித் தொழிலாளியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு அரியணை இருந்தது, மற்றவருக்குத் தகரப் பெட்டிகூட இல்லை. ஆனால் எழுதத் தெரிந்தவன் பத்திரத்தை எழுதுகிறான், நெருக்கடியில் இருப்பவன் ஒப்பமிடுகிறான் என்ற நிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று நம் தாத்தா பாட்டி ஓயாமல் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மாணவர்களுக்குத் தேர்வுக் குறிப்பு

ஆண்டுகளைத் தனித்தனியாக மனனம் செய்யாமல், இரண்டிரண்டாகச் சேர்த்து நினைவில் வையுங்கள்:

- பினாங்கு 1786, செபெராங் பிறை 1800: தீவு, பிறகு எதிர்க்கரை.
- சிங்கப்பூர் 1819, சிங்கப்பூர் 1824: இடம், பிறகு முழு உரிமை.
- பங்கோர் 1826, லூமுட் பக்கத்துக் கரை 1874: தீவு, பிறகு எதிர்க்கரை.
- நீரிணைக் குடியேற்றங்கள் உருவானது 1826, நேரடிக் காலனி ஆனது 1867.
- பங்கோர் ஒப்பந்தம் 1874, பர்ச் கொலை 1875.

அடிக்கடி மதிப்பெண் போகும் இடங்கள்:

- "1874இல் பிரிட்டிஷார் பேராக்கைப் போரிட்டுப் பிடித்தார்கள்" என்று எழுதுவது தவறு. 1874இல் நடந்தது ஒப்பந்தம். படையெடுப்பு 1875இல், பர்ச் கொலைக்குப் பிறகு.
- "பேராக் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று" என்பதும் தவறு. டிண்டிங்ஸ் மட்டுமே அதில் சேர்ந்தது. பேராக் பாதுகாக்கப்பட்ட மாநிலம். 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களில் சேர்ந்தது.
- தலையீட்டுக்கு ஒரே காரணம் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஈயம், லாருட் போர், அரியணைச் சண்டை, கடற்கொள்ளை, பினாங்கு வணிகர்களின் நெருக்குதல் என்று குறைந்தது மூன்றையாவது விளக்கத்தோடு எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு

வெற்று வரைபடம் ஒன்றைக் கொடுங்கள். பினாங்கு, செபெராங் பிறை, பங்கோர், லூமுட் நான்கையும் குறிக்கச் சொல்லுங்கள். 1786, 1800, 1826, 1874 என்ற ஆண்டுகளுக்கு நான்கு வண்ணம். வண்ணம் தீட்டி முடித்ததும், "இதில் என்ன ஒழுங்கு தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். பிள்ளைகளே சொல்லுவார்கள். என் வகுப்பில் சொன்னார்கள்.

பிறகு கீழ்க்கண்ட கேள்விகளைக் கலந்துரையாடலுக்கு விடலாம்:

1. 1826இல் பேராக் சுல்தான் பங்கோரை விட்டுக்கொடுக்க நேர்ந்த காரணங்கள் இரண்டை விளக்குக.
2. பங்கோர் ஒப்பந்தத்தில் ரெசிடென்ட்டின் அதிகாரம் எவ்வாறு வரையறுக்கப்பட்டது? அது எதிர்ப்புக்கு வழிவகுத்தது ஏன்?
3. பினாங்கையும் டிண்டிங்ஸையும் பிரிட்டிஷார் பெற்ற விதத்தை ஒப்பிடுக.
4. நீ 1874இல் பேராக்கின் ஒரு பெருமகனாக இருந்திருந்தால், கையெழுத்திடும் முன் எந்த விதியைப் பற்றிக் கேள்வி கேட்டிருப்பாய்? காரணம் கூறுக.

நான்காவது கேள்விக்குச் சரி, தவறு கிடையாது. ஆனால் அதற்கு எழுதும் பதிலில்தான் பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டதா, மனனம் செய்ததா என்பது தெரியும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது பள்ளி முடித்துப் போய்விட்டாள். அவள் கேட்டிருக்காவிட்டால் நான் இன்னும் அதே தவறான வரியைத்தான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். வகுப்பில் கை தூக்கும் பிள்ளையைத் தயவுசெய்து உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.